கட்டிளைஞர் நாவலில் அற்புதமும் அதன் விலையும்

மருட்கையும் அச்சமும் அயலயலே நிற்கும் மெய்ப்பாடுகள். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினையும் நிரல்பட வைத்தவிடத்து இவ்விரண்டும் ஒன்றையடுத்து ஒன்றாய் அமைந்தமை தற்செயலென்று கடந்துவிடத்தக்கதன்று. மருட்கைக்குப் புதுமை ஒரு நிலைக்களன்; அச்சத்துக்கு அணங்கு ஒரு நிலைக்களன். முன்பின் காணாத ஒன்றைக் கண்டு வியந்தவன் அடுத்த கணம் அஞ்சுவதும், அஞ்சி ஓடியவன் சிறிது தொலைவு சென்றபின் நின்று திரும்பிப் பார்ப்பதும் உலகியல்பு. இவ்விரு மெய்ப்பாடும் ஒருங்கே மேலோங்கும் பருவம் ஒன்று மக்கள் வாழ்வில் உண்டெனின் அது கட்டிளமைப் பருவமே. தன் உடல் தனக்கே புதுமையாகவும் தன் உள்ளம் தனக்கே அணங்காகவும் தோன்றும் காலம் அது. ஆதலின் அப்பருவத்தினர்க்கென ஆங்கிலத்தில் எழுந்த நாவல்களுட் பெரும்பகுதி மந்திரத்தையும் சூனியத்தையும் இரத்தக் காட்டேரியையும் பொருளாகக் கொண்டமை வியப்புக்குரியதன்று. அவற்றுள் எது இலக்கியம், எது வெறும் பொழுதுபோக்கு என்பதை எவ்வாறு துணிவது என்பதே கேள்வி.

கட்டிளைஞர்க்கெனத் தனியாக ஓர் இலக்கியம் வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை 1957இல் அமைத்தது. பத்தாண்டு கழித்து, 1967இல், எஸ். ஈ. ஹின்ரன் பாடசாலை மாணவியாயிருந்தபோதே எழுதத் தொடங்கிய ‘த அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவல் வெளிவந்தது. தெருச்சண்டையும் வறுமையும் தோழமையுமே அதன் பொருள். அற்புதம் எதுவும் அதில் இல்லை. அடுத்த ஆண்டிலே உர்சுலா லெ குவின் எழுதிய ‘ஏர்த்சீயின் மந்திரவாதி’ வெளியாயிற்று. அது முழுவதும் அற்புதம். ஆகவே இவ்விலக்கியத்தில் உள்ளதை உள்ளவாறு கூறும் நெறியும், இல்லதை உள்ளதுபோற் கூறும் நெறியும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகளாகவே வளர்ந்தன எனலாம். பின்னையதே இன்று பெருவழக்காயிற்று.

இவ்வகை நாவல்களைப் பற்றி ஆசிரியரும் பெற்றோரும் பேசும் பேச்சு பெரும்பாலும் இரண்டு கூற்றுக்களோடு நின்றுவிடுகின்றது. இவை மாணவர் மனத்தைக் கெடுப்பன என்பது ஒன்று. எதையாவது வாசிக்கிறார்களே, அதுவே போதும் என்பது மற்றொன்று. முன்னைய கூற்று அமெரிக்காவில் எவ்வளவு வலிமை பெற்றது என்பதை அந்நாட்டு நூலகச் சங்கத்தின் பட்டியல்கள் காட்டும். 2000 முதல் 2009 வரையுள்ள பத்தாண்டில் நூலகங்களிலிருந்து நீக்குமாறு மிகுதியாகக் கோரப்பட்ட நூல்களுள் முதலிடம் பெற்றது ‘ஹரி பொட்டர்’ வரிசை. ஸ்ரெபனி மையரின் ‘ருவைலைற்’ வரிசையும் 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. நீக்கக் கோரியோர் சூனியம் உண்டா, காட்டேரி உண்டா என்று பொருளைப் பார்த்தனரேயன்றி, அப்பொருள் கதையில் என்ன வேலை செய்கின்றது என்று பார்த்தாரல்லர். மறுபுறத்தில், எதையாவது வாசிக்கட்டும் என்று இசைவு தருவோரும் அதனைப் பார்ப்பதில்லை. பிள்ளை எதையாவது உண்ணட்டும் என்று கூறும் தாயைக் காண்பது அரிது. வாசிப்பில் மட்டும் அவ்வாறு கூறுதல் பெருந்தன்மையாகக் கருதப்படுகின்றது.

இவ்விருசாராரும் விட்டுச்சென்ற இடத்தில் வாசகன் ஓர் அளவுகோலைத் தானே தேடிக்கொள்ள வேண்டியவனாகின்றான். அதற்குப் பழங்கதைகளே வழிகாட்டும். வேதாளக் கதையை அறியாத தமிழர் இலர். விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் விக்கிரமாதித்தனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரத்திற் சென்று ஏறிக்கொள்ளும். இக்கட்டளையே அக்கதைக்கு உயிர். இதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது பேசும் பிணம் ஒன்றேயாகும். அது சிறிது நேரத்தில் சலித்துவிடும். ஐரோப்பியர் தம் காட்டேரிக்கும் இத்தகைய கட்டளைகளை விதித்திருந்தனர். பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராக்குலா’ (1897) என்னும் நாவலில் வரும் கோமகன், வீட்டார் ஒருவர் முதலில் அழைத்தாலன்றி அவ்வீட்டுட் புகமுடியாதவன். தன் நாட்டு மண்ணிலன்றி இளைப்பாற முடியாதவன். பகலில் நடமாடக் கூடுமாயினும் அப்போது தன் ஆற்றல்களை இழந்து நிற்பவன். சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிந்துபோகும் என்னும் கட்டளை ஸ்ரோக்கர் நூலில் இல்லை. அது 1922இல் வெளிவந்த மூர்னோவின் ‘நொஸ்பெராட்டு’ என்னும் திரைப்படத்தால் நிலைபெற்றது. இன்று பலரும் அதனைப் பண்டை நம்பிக்கையென்றே எண்ணுவர். அத்துணைப் பொருத்தமாக அது அமைந்துவிட்டது. சாவை வென்றவன் விடியலை இழந்தவன் என்பது கேட்டவுடன் மனம் ஒப்பும் கணக்கு.

இக்கணக்கையே ஈண்டு விலை என்பது. விலையும் வலியும் ஒன்றல்ல. வலி வரும், போகும்; கதைத்தலைவன் எத்தனை காயம் பட்டாலும் ஆறிவிடும். விலை என்பது கொடுத்தபின் திரும்பாதது. கட்டிளமையைக் கடந்து வளர்தலும் இத்தகையதே. குழந்தைமையைக் கொடுத்து அறிவையும், பிறர் காவலைக் கொடுத்துத் தன்னுரிமையையும் பெறுகின்றோம் என்பதை அப்பருவத்தார் சொல்லத் தெரியாவிடினும் உணர்வர். அற்புத நாவல் ஒன்று அவ்வுணர்வுக்கு உருவம் கொடுக்கின்றதா, அன்றி அதனை மறக்கச் செய்கின்றதா என்பதே அதனை அளக்கும் கோல்.

லெ குவினின் நாவல் இக்கோலுக்கு முதல் எடுத்துக்காட்டு. மந்திரவாதிகள் கதைகளில் எப்போதும் நரைத்த தாடியோடு வருகின்றனரே, அவர்கள் இளைஞராயிருந்தபோது எங்கே, எவ்வாறு கற்றனர் என்ற கேள்வியிலிருந்து இந்நூல் பிறந்ததாக ஆசிரியை பின்னர் எழுதியிருக்கின்றார். கெட் என்னும் ஆடு மேய்த்த சிறுவன் றோக் தீவின் மந்திரக் கல்லூரியிற் சேர்கின்றான். அவனுக்கு அறிவு மிகுதி. செருக்கு அதனினும் மிகுதி. தன்னை இகழ்ந்த மேல்வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தன் வல்லமையைக் காட்டுதற்காக இறந்தவளொருத்தியின் ஆவியை அழைக்கின்றான். அழைத்த வாயிலினூடே உருவும் பெயருமற்ற நிழலொன்று வெளிப்பட்டு அவன் முகத்தைக் கிழிக்கின்றது. அவ்வாயிலை அடைத்த முதியவர், கல்லூரியின் தலைவர், அம்முயற்சியிலேயே உயிர்துறக்கின்றார். ஒரு மாணவனின் வீம்புக்கு ஓர் ஆசானின் உயிர் விலையாகின்றது. பாடசாலைக் கதைகளில் இதனை நிகர்த்த கொடிய நிகழ்ச்சி அரிது. ஆசிரியை அதனை அலங்காரமின்றி, ஓரிரு பக்கங்களிற் கூறி மேற்செல்கின்றார்.

அதன்பின் கதை முழுவதும் அந்நிழலுக்கு அஞ்சி ஓடுதலும், பின் அதனைத் துரத்திச் செல்லுதலுமே. முடிவில், உலகின் எல்லைக்கடலில், தோழன் வெச் பார்த்திருக்க, கெட் அந்நிழலை அதன் பெயர்சொல்லி அழைக்கின்றான். அப்பெயர் அவனுடைய பெயரே. வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. வாளும் தீயும் மோதும் போரை எதிர்பார்த்த இளவாசகன் இவ்விடத்தில் ஏமாற்றம் அடைதல் கூடும். சில ஆண்டு கழித்து மீண்டும் வாசிப்பானாயின் அவ்வேமாற்றமே நூலின் சிறப்பென்று உணர்வான். இன்னொன்றும் குறிக்கத்தக்கது. கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெச் கருநிறத்தவன். ஆயினும் நூலின் மேலுறைகள் பலவற்றில் வெண்ணிறத்தவனையே வரைந்தனர். 2004இல் வெளிவந்த தொலைக்காட்சிப் படத்திலும் அவ்வாறே செய்தனர். ஆசிரியை அதனை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இவ்வரிசையின் இரண்டாம் நூலாகிய ‘அற்றுவான் கல்லறைகள்’ (1971) இன்னும் நுணுக்கமானது. ஐந்து வயதிலே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, பெயரிலிகளாகிய இருட்டெய்வங்களின் பூசாரியாக்கப்பட்டவள் ரெனார். நிலத்தடிச் சுரங்கங்களின் இருளே அவள் ஆட்சி. அவளை அங்கிருந்து மீட்டுக் கொணர்பவன் கெட் என்று கூறுவதினும், ஒருவரை ஒருவர் மீட்டனர் என்று கூறுதலே பொருந்தும். வேறு நாவலாசிரியர் விடுதலையோடு கதையை முடித்திருப்பர். லெ குவின் அங்கே முடிக்கவில்லை. வெளியே வந்தவள் மகிழவில்லை, அழுகின்றாள். கடற்கரையிலே ஓரிரவு கத்தியெடுத்து, தன்னை மீட்டவனையே கொல்ல எண்ணுகின்றாள். அடிமைத்தனம் கொடிதாயினும் அதற்குள் அவள் ஒரு தலைவி. உரிமை இனிதாயினும் அதில் அவள் ஒன்றும் அறியாதவள். விடுதலையும் ஒரு சுமை என்பதைப் பதினைந்து வயது வாசகிக்கு இவ்வளவு நேர்மையாகக் கூறிய நூல்கள் சிலவே.

இது வரை கூறியவை வேற்றுலகக் கதைகள். தீவுகளும் நாகங்களும் நிறைந்த கற்பனை நிலத்தில் விலையைக் காட்டுதல் ஒருவாறு எளிது. நாள்தோறும் பேருந்தில் ஏறிப் பாடசாலை செல்லும் பிள்ளையின் ஊருக்குள், அயல்வீட்டுக் கதவுக்குள், அணங்கு புகுந்தால் என்ன நிகழும்? அதிலும் அவ்வணங்கோடு காதலும் சேர்ந்துவிட்டால்? இக்கலவையே பின்னர்ப் புத்தகக் கடைகளில் தனித்தட்டு ஒன்றை நிரப்பும் சரக்காயிற்று. இது 2005இல் ‘ருவைலைற்’றோடு பிறந்தது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறு. இருபத்தோராண்டு முன்னரே நியூசிலாந்தில், கிறைஸ்சேர்ச் நகரின் நூலகராயிருந்த மார்கரெட் மாஹி எழுதிய ‘த சேஞ்சோவர்’ (1984) என்னும் நாவல் ‘இயற்கையிறந்த காதற்கதை’ என்ற பொருள்படும் துணைத்தலைப்போடு வெளிவந்தது. பிரித்தானியாவின் கார்னெகி பதக்கமும் பெற்றது.

அந்நாவலின் தலைவி லோரா சாண்ற், பதினான்கு வயதினள். தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றவர். தாய் புத்தகக் கடை ஒன்றில் வேலைசெய்து இரு பிள்ளைகளையும் வளர்க்கின்றாள். மூன்று வயதுத் தம்பி ஜக்கோவின் கையில், பழம்பொருட் கடைக்காரன் போல் வந்த கார்மடி பிராக் என்பவன் விளையாட்டாக ஒரு முத்திரை குத்துகின்றான். அன்றிலிருந்து குழந்தை நாளுக்கு நாள் தேய்கின்றது. வைத்தியசாலையில் எவர்க்கும் காரணம் விளங்கவில்லை. பிராக் பிறருயிரைப் பருகி வாழும் பழைய பேய் என்பதை லோரா அறிகின்றாள். தம்பியைக் காக்க ஒரேவழி, தானும் மாயவித்தை வல்லவளாக மாறுதல். அதற்கு உதவுபவன் அவளுடைய பாடசாலையிலே மேல்வகுப்பிற் படிக்கும் சோரி கார்லைல் என்னும் இளைஞன். அவனும் அவ்வித்தை உடையவன்.

இதில் மாஹியின் திறம் எங்கே தோன்றுகின்றதெனின், பேயினிடத்தன்று, தாயினிடத்தேயாம். தம்பி உயிருக்குப் போராடும் அவ்விரவிலே தாய் தன் புதிய நண்பனிடத்து ஆறுதல் தேடுகின்றாள். அதனைக் கண்ட லோராவுக்கு எழும் கசப்பு, கார்மடி பிராக்கைக் கண்டபோது எழுந்த அச்சத்திலும் கூரியது. தாயும் ஒரு பெண், தனிமையுடையவள், தன்னைப் போலவே துணை வேண்டுபவள் என்று மகள் அறியும் அறிவு, மந்திரத்தால் வரும் மாற்றத்துக்கு முந்தியே நிகழும் மாற்றம். பின்னர் லோரா பிராக் செய்த சூதையே அவனுக்குத் திருப்பிச் செய்து தன் முத்திரையை அவன் கையிற் பதிக்கின்றாள். அவன் அவள் காலடியிற் கிடந்து கெஞ்சுகின்றான். அக்கெஞ்சல் அவளுக்கு இனிக்கின்றது. நூலின் உண்மையான ஆபத்து இவ்விடமே. பேய் குழந்தையைத் தின்னுமோ என்ற அச்சம் தீர்ந்தபின், அப்பேயின் சுவை தலைவியின் நாவிலேயே ஒட்டிக்கொள்கின்றது. சோரி எச்சரித்த பின்னரே அவள் கொடுமையை நீட்டாது முடிக்கின்றாள். கதை முடிவில் அவன் வேலை பழகுதற்கு வேற்றூர் செல்கின்றான். அவள் பாடசாலையில் எஞ்சிய வகுப்புக்களை முடிக்க வேண்டியவளாய் நிற்கின்றாள். காதல் உண்டு, ஆனால் அது காத்திருக்கும்.

மாஹியைப் போலவே நூலகராகப் பணிபுரிந்தவர் அனெற் கேர்ட்டிஸ் குளோஸ். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். அவருடைய முதல் நாவலாகிய ‘த சில்வர் கிஸ்’ 1990இல் வெளிவந்தது. சிறு நூல், இரண்டு மாலைப்பொழுதில் வாசித்து முடித்துவிடலாம். சோயி என்னும் பெண்ணின் தாய் புற்றுநோயால் வைத்தியசாலையிற் கிடக்கின்றாள். தந்தை அவளைத் தாயினிடத்திலிருந்து விலக்கி வைக்கின்றார். உயிர்த்தோழியோ வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்கின்றாள். சாவைப் பற்றி அவளோடு பேச எவருமில்லை. இந்நிலையில் பூங்காவிலே இரவிற் சந்திக்கும் சைமன் என்னும் அழகிய இளைஞன் முந்நூறு ஆண்டு பழைய காட்டேரி. தன் தாயைக் கொன்றவனைத் தேடி அவன் அலைகின்றான். கொன்றவன் அவனுடைய சொந்தத் தமையனாகிய கிறிஸ்ரபர். சிறுவயதிலேயே காட்டேரியாக்கப்பட்டு, என்றும் குழந்தை உருவிலே நின்றுவிட்டவன்.

சாகாவரம் பெற்றவன் ஒருவன் அருகிலிருக்க, நோயுற்ற தாயை அவனைக்கொண்டு பிழைப்பிக்கலாகாதா என்ற கேள்வி எந்த வாசகனுக்கும் எழும். அதற்கு விடையாகவே அக்குழந்தைக் காட்டேரியை ஆசிரியை கதைக்குள் வைத்தார் போலும். வளராத உடல், ஆறாத பசி, முடியாத காலம் ஆகிய இவையே சாகாமையின் உருவம். கிறிஸ்ரபரின் கதை முடிந்தபின் சைமன் வாழ விரும்பவில்லை. தான் முந்நூறு ஆண்டாகக் காணாத சூரியோதயத்தைக் கண்டு அதிலே மறைகின்றான். சோயி அவனருகே இருக்கின்றாள். அவளுக்கு அவன் தந்தது காதல் மட்டுமன்று. சாவு பகையாக வராது வீடாகவும் வரக்கூடும் என்ற அறிவு. அதனோடு அவள் தாயினிடம் திரும்புகின்றாள். தாய் பிழைக்கப் போவதில்லை. ‘நொஸ்பெராட்டு’ படம் விதித்த கட்டளையைப் பகைவனைக் கொல்லும் கருவியாகப் பயன்படுத்தியோர் எண்ணிலர். அதனை ஒருவனுடைய விருப்பமாகவும் அமைதியாகவும் மாற்றிய சிறப்பு இந்நூலுக்குரியது. நடையிற் குறையில்லாமலில்லை, காதற் பேச்சுக்கள் சில செயற்கையாய் ஒலிக்கின்றன. எனினும் கதையின் எலும்பு உறுதியானது.

இனி மையரின் நாவல்கள். ‘ருவைலைற்’ 2005இல் தொடங்கி, ‘பிரேக்கிங் டோன்’ என்னும் நான்காம் நூலோடு 2008இல் முடிந்தது. இவற்றை எள்ளி நகைத்தல் எளிது; பலர் அதனைச் செய்து முடித்துவிட்டனர். கோடிக்கணக்கான இளவாசகர் தாமே விரும்பி, நள்ளிரவு வரை கண்விழித்து வாசித்த நூலில் ஒன்றுமே இல்லையென்பது திறனாய்வன்று. முதல் நூலின் தொடக்க அதிகாரங்கள் நன்றாகவே அமைந்தவை. வெயில் காயும் பீனிக்ஸ் நகரை விட்டு, ஓயாது மழை பெய்யும் போர்க்ஸ் என்னும் சிற்றூரில், அதிகம் பழகாத தந்தையோடு வாழ வந்த பதினேழு வயதுப் பெல்லாவின் கூச்சம், புதிய பாடசாலையின் முதல்நாள், தந்தையும் மகளும் ஒரே வீட்டிற் பேசச் சொல்லின்றி உலவுதல் ஆகியன உண்மையுடையன. தன்னை எவரும் பொருட்படுத்தார் என்று நம்பியிருக்கும் வயதில், எல்லாரிலும் அழகிய ஒருவன் தன்னையே தேர்ந்துகொண்டான் என்னும் இன்பத்தை அந்நாவல் வேறெந்த நூலினும் மிகுதியாக ஊட்டுகின்றது. அவன் எட்வேட், 1918இல் காய்ச்சலாற் சாகும் தறுவாயில் காட்டேரியாக்கப்பட்டவன். மனித இரத்தத்தை மறுத்து விலங்கின் இரத்தத்தால் வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவன். மழைநாட்டை அவர்கள் தேர்ந்தமைக்குக் காரணம், வெயிலில் அவர்கள் உடல் வைரம்போல் ஒளிவிடும் என்பதே. விடியலை இழத்தலாகிய பழைய விலை இங்கே அணிகலனாகிவிட்டது.

இது சிறு மாற்றமெனத் தோன்றும். நான்கு நூலையும் தொடர்ந்து பார்ப்போர்க்கு இதுவே முழுமைக்கும் அடிப்படை என்பது புலனாகும். மையர் விலையை அறியாதவரல்லர். பெல்லா காட்டேரியானால் என்ன இழப்பாள் என்று அவரே நான்கு இழப்புக்களைக் கதைக்குள் எடுத்தோதுகின்றார். ஆன்மா அழியும் என்று எட்வேட் அஞ்சுகின்றான். பெற்றோரை என்றும் பிரிய வேண்டும் என்பது வற்புறுத்தப்படுகின்றது. புதிதாய் மாறியவர் நெடுங்காலம் இரத்தவெறியால் தம்மை மறந்து திரிவர் என்று கூறப்படுகின்றது. மூன்றாம் நூலில் றோசலி என்பவள் தனக்குக் குழந்தை பிறக்க வழியில்லாது போனமையை எண்ணி வருந்தித் தன் கதையைப் பெல்லாவுக்குச் சொல்லுகின்றாள். வரிசை முழுவதிலும் சிறந்த பகுதி அதுவே. அங்கே மட்டும் சாகாமை ஒரு துன்பமாகத் தோன்றுகின்றது.

நான்காம் நூலில் இவை ஒவ்வொன்றும் தள்ளுபடியாகின்றன. ஆன்மாவைப் பற்றிய கேள்வி விடையின்றித் தேய்ந்து மறைகின்றது. தந்தை அவளை முன்போலவே வந்து பார்த்துப் போகின்றார். இரத்தவெறியைப் பெல்லா மாறிய நாளிலேயே அடக்கிவிடுகின்றாள். அவ்வல்லமை எவ்வாறு வந்ததென்று உடனிருந்தோரே வியக்கின்றனர். மாறுதற்கு முன்னரே குழந்தையும் பிறந்துவிடுகின்றது. அவளை விரும்பிய ஜேக்கப்பின் ஏமாற்றமும் எஞ்சலாகாதென்று, அவன் பிறந்த குழந்தையினிடத்தே விதிவசத்தால் பிணிக்கப்படுகின்றான். இவ்வேற்பாடு வாசகரிற் பலருக்கு அருவருப்பூட்டியமை இயல்பே. இறுதியில் இருபடையும் அணிவகுத்து நின்றும் பெரும்போர் மூளவில்லை. பேறுகாலத்தில் பெல்லா படும் வேதனை கொடியது, என்பு முறியும் அளவுக்குக் கொடியது என்பது உண்மை. ஆனால் அது வலி, விலையன்று. முடிவில் அவள் இழந்தது யாதென்று ஒரு மாணவியைக் கேட்டால், வழுக்கி விழும் வழக்கத்தைத் தவிர வேறொன்றும் சொல்ல அவளால் இயலாது.

இந்நாவல்களைப் பற்றி எழுந்த வாதங்களிற் பெரும்பகுதி எட்வேட் நல்ல காதலனா என்பதைச் சுற்றியே நடந்தது. உறங்கும் பெண்ணை அவளறியாது இரவெல்லாம் பார்த்திருத்தல் அன்பாகுமா என்ற கேள்வி நியாயமானதே. எனினும் அதனினும் ஆழமான குறை வளர்ச்சியின்மையில் உள்ளது. பெல்லா பதினேழு வயதில் எதனை விரும்பினாளோ அதனையே பதினெட்டு வயதில் பெற்று, அவ்விருப்பத்தோடு, அவ்வயதோடு, என்றும் அவ்வாறே நிற்கின்றாள். குளோஸ் எழுதிய குழந்தைக் காட்டேரியின் கேட்டை மையர் பேறாக ஆக்கிவிட்டார்.

இதில் வியப்பு யாதெனின், மையரே இதற்கு மறுப்பையும் எழுதியமைதான். முதல் நூல் வெளிவந்து பத்தாண்டு நிறைந்தமையை முன்னிட்டு 2015இல் ‘லைஃப் அன்ட் டெத்’ என்றொரு நூலை வெளியிட்டார். அதே கதை, ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாற்றப்பட்டுள்ளனர். முடிவும் மாற்றப்பட்டுள்ளது. முதல் நூலின் இறுதியிலேயே தலைவன் நஞ்சேறிக் காட்டேரியாகின்றான். அவன் இறந்தானென்றே பெற்றோர் நம்புகின்றனர். தன் ஈமச்சடங்கை அவன் தொலைவில் மறைந்திருந்து பார்க்கின்றான். தாயும் தந்தையும் அழுவதைக் காண்கின்றான். சென்று தேற்ற இயலவில்லை. சில பக்கங்களே அப்பகுதி. ஆயினும் முன்னைய நான்கு நூலிலும் இல்லாத கனம் அதில் உண்டு. விற்பனையிலும் புகழிலும் அது முன்னையவற்றை நெருங்கவில்லை. ‘ருவைலைற்’றை விரும்பிய மாணவியிடம் அதனைத் தூற்றுதலிலும் பார்க்க, இவ்வீற்று அதிகாரத்தையும் ‘த சில்வர் கிஸ்’ நூலையும் கையிற் கொடுத்தல் நல்லாசிரியர் செயலாகும். மூன்றையும் வாசித்தவள் தானே பேசத் தொடங்குவாள்.

காதலுக்கு விலை வைத்தலால் கதை வறண்டுவிடும் என்று கருதுவோர் பிலிப் புல்மனின் முந்நூல் வரிசையை (1995–2000) நோக்குக. லைரா, வில் என்னும் இருவரும் வெவ்வேறு உலகத்துப் பிள்ளைகள். உலகங்களுக்கிடையே வெட்டப்பட்ட சாளரம் ஒவ்வொன்றினூடும் உயிர்ப்பொருளாகிய தூசு ஒழுகிப் போகின்றது. தன் உலகை விட்டு வேற்றுலகில் வாழ்பவர் சில ஆண்டுகளில் நலிந்து இறப்பர். ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கலாம். அதனை இறந்தோர் வெளியேறுதற்கென விட்டுவிட்டனர். ஆகவே காதலை உணர்ந்த மறுகணமே பிள்ளைகள் இருவரும் பிரிகின்றனர். ஆண்டுக்கு ஒருநாள், ஒரே நேரத்தில், தத்தம் உலகத்து ஒக்ஸ்போர்ட் தாவரவியற் பூங்காவின் ஒரே ஆசனத்தில் அமர்வதென்று உடன்படுகின்றனர். சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா வரிசையின் ஈற்று நூலில் (1956), வளர்ந்த பெண்ணாகி ஒப்பனையிலும் விருந்துகளிலும் மனம் வைத்த சூசன் அற்புத நாட்டிலிருந்து புறந்தள்ளப்படுகின்றாள். புல்மன் அவ்வரிசையை வன்மையாகக் கண்டித்தவர். அவருடைய லைராவும் வளர்ந்தமையால் ஒன்றை இழக்கின்றாள். முன்பு கற்காமலே வாசிக்க முடிந்த மெய்காட்டும் கருவியை இப்போது வாசிக்க அவளால் இயலவில்லை. ஆனால் அவள் தள்ளப்படவில்லை. நூல்களைப் பயின்று, ஆண்டுக்கணக்காக உழைத்து அவ்வாற்றலை மீண்டும் பெறலாம் என்று கூறப்படுகின்றது. அவ்வாறே ஒரு பாடசாலையிற் சேர்கின்றாள். சூசனின் வளர்ச்சியை லூயிஸ் குற்றமாக்கினார். லைராவின் வளர்ச்சியைப் புல்மன் கல்வியாக்கினார்.

லெ குவினும் தம் கணக்கை முடித்தாரல்லர். 1972இல் வெளிவந்த மூன்றாம் நூலில் கெட் சாவுநாட்டின் பிளவை அடைக்கும் முயற்சியில் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிடுகின்றான். நாகத்தின் முதுகில் ஏறி அவன் வீடு திரும்பும் காட்சியோடு அது பெருமிதமாக முடிந்தது. பதினெட்டு ஆண்டு கழித்து, 1990இல், ‘தெஹானு’ என்னும் நான்காம் நூலில் ஆசிரியை அதற்கு மறுநாட் கதையை எழுதினார். ஆற்றலிழந்தவன் நாணி ஒளிகின்றான். தன்னைத் தேடிவந்த அரச தூதரைக் காண மறுத்து மலையேறி, சிறுவயதிற் செய்தது போலவே ஆடு மேய்க்கின்றான். ரெனார் இப்போது நடுவயது கடந்த கைம்பெண். தீயிற் பொசுக்கப்பட்ட குழந்தையொன்றை எடுத்து வளர்க்கின்றாள். வீரனைக் காண வந்த பழைய வாசகரிற் பலர் இந்நூலைக் கண்டு சினந்தனர். அவர்கள் சினந்த பக்கங்களில், கெட் பாத்திரம் கழுவுகின்றான், ரெனாரோடு இரவு உணவுக்கு அமர்கின்றான்.